கிங்டம் ஆஃப் ஹெவன்: எந்தப் பதிப்பை வாங்கலாம்?

ரிட்லி ஸ்காட் இயக்கிய 2005 சிலுவைப்போர் படம். தியேட்டரில் வந்த வெட்டிச் சுருக்கிய பதிப்பு, இயக்குநர் நினைத்தபடி அமைந்த நீளமான பதிப்பு என இரண்டு உண்டு. டிஸ்க் வாங்க நினைப்பவர்கள் குழம்புவது இங்கேதான்.

நேரம்: தியேட்டர் பதிப்பு 144 நிமிடம். இயக்குநர் பதிப்பு மூன்று மணி நேரத்தைத் தாண்டும்.

போர்: ஜெருசலேம் முற்றுகை இரண்டிலும் பிரமாதம். இயக்குநர் பதிப்பில் ரத்தம் கொஞ்சம் கூடுதல்.

கதை: பெரிய வித்தியாசமே இதுதான். தியேட்டர் பதிப்பில் இளவரசி சிபில்லாவின் மகன் கிடையவே கிடையாது. அதனால் கடைசியில் அவள் ஏன் அப்படி உடைந்துபோகிறாள் என்பதே புரியாது. இயக்குநர் பதிப்பில் அந்தச் சிறுவன் அரசனாகிறான். முந்தைய அரசனான அவன் மாமாவைப் போலவே அவனுக்கும் தொழுநோய் என்று தெரிகிறது. பெற்ற தாயே விஷம் கொடுக்கிறாள். இதை வெட்டியதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சண்டைக்காக ஒருமுறை பார்ப்பவருக்குத் தியேட்டர் பதிப்பு சரி. காசு கொடுத்து அலமாரியில் வைப்பதென்றால், இயக்குநர் பதிப்பைத்தான் வாங்க வேண்டும்.