பிள்ளைக்குத் தனித் தட்டா, வீட்டுக்கே ஒரே தட்டா?

பத்து வயது மகளுக்கு எடை கூடுதல் என்று டாக்டர் வளர்ச்சி அட்டவணையைக் காட்டிச் சொன்ன அன்று, மொறுமொறு வர்க்கி பிஸ்கட் டப்பாவை மேல்தட்டில் ஏற்றினோம். எங்களுக்கு எட்டும், அவளுக்கு எட்டாது. குன்னூர்க் குளிரில் டீயும் வர்க்கியும் இல்லாமல் பெரியவர்கள் எப்படி இருப்பதாம்!

பிள்ளைக்கு மட்டும் பத்தியம் என்கிற வழி இது. பெரியவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை. அவளுக்கு இரண்டு சப்பாத்தி, எங்களுக்குப் பரோட்டா. இரண்டே வாரத்தில் புத்தகப் பையில் மிட்டாய்க் காகிதங்கள். திட்ட வாய் வரவில்லை. ஒளித்து வைக்கச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தானே. "வளர்ற பிள்ளைக்கு வாயக் கட்டாதம்மா" என்றார் அத்தை. அதில் பாதி சரி. இந்த வயதில் பல பிள்ளைகளுக்கு எடையைக் குறைக்கவே வேண்டாம்; ஏறாமல் நின்றால் போதும், உயரம் கூடக் கூடச் சரியாகிவிடும். எந்தப் பிள்ளைக்கு எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். 'தானாகச் சரியாகும்' என்று விட்டுவிடுவதுதான் அத்தை சொன்னதில் தவறான பாதி.

அடுத்தது, வீடு முழுவதற்கும் ஒரே சாப்பாடு. அமெரிக்காவில் லெனார்ட் எப்ஸ்டைன் குழுவினர் பிள்ளைகளைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1990இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளையோடு பெற்றோரும் சேர்ந்து பழக்கத்தை மாற்றிய குடும்பங்களுக்கே பலன் நன்றாக நிலைத்திருந்தது. படிக்க எளிது. எங்கள் வீட்டிலோ டீயிலேயே தகராறு. ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். தம்ளருக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு மூன்று முறை என்றால் 24 கிராம். 1,600 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் உச்சவரம்பு 40 கிராம். 20க்குள் இருந்தால் இன்னும் நல்லது. வர்க்கியில் உள்ள சர்க்கரை தனிக் கணக்கு. அவள் டீயை நிறுத்திப் பாலாக்கினோம். வீட்டுக்காரர் அரை ஸ்பூனுக்கு இறங்க ஒரு மாதம் பிடித்தது, முகம் சுளித்தபடியே.

இரவுக்குப் பரோட்டா போய்க் கேழ்வரகுக் களியும் அவரைக்காய்க் குழம்பும் வந்தன. கேரட்டுக்கு இந்த ஊரில் பஞ்சமா? செலவு கூடவில்லை, அடுப்படி வேலைதான் கூடியது. அதை மறைக்கப் போவதில்லை.

உடற்பயிற்சிக்குப் பணம் கட்டி வகுப்பா, நடையா? பிள்ளைகளுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓட்டம், ஆட்டம் வேண்டும் என்கிறார்கள். மேட்டு ஊரில் இருந்துகொண்டு வாசலில் வேன் ஏற்றுகிறோம்! எங்கள் ஊர் பெட்ஃபோர்டு பகுதியில் இறங்கிச் சிம்ஸ் பூங்கா வரை ஏறினாலே மூச்சு வாங்கும். அக்டோபர், நவம்பர் மழையில் மட்டும் உள்ளரங்கப் பூப்பந்து வகுப்புக்கே என் ஓட்டு. மற்ற மாதங்களில் நடைதான். அப்பாவோடு நடந்தால் அன்று பள்ளியில் நடந்ததெல்லாம் வந்து கொட்டுகிறது. வகுப்புக்கு விட்டுக் கூட்டி வருவதில் அது கிடைக்காது.

டப்பா இப்போது கீழ்த்தட்டில். உள்ளே வறுத்த கடலை. வர்க்கி ஞாயிறு மட்டும், ஆளுக்கு ஒன்று. போன வாரம் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அவளே கேட்டாள்: "அப்பா, உங்க கையில ஏன் ரெண்டு இருக்கு?"