வீட்டின் மூலப்படங்களைக் கேட்டு வாங்காமல் டோக்கன் கொடுக்க வேண்டாம்

வடசென்னையின் கொடுங்கையூரில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில், இரண்டாம் தளத்தில் விற்பனைக்கு வந்த வீட்டுக்காக, துபாயில் பணிபுரியும் என் தம்பி தரகர் அனுப்பிய படங்களை நம்பி ஒரு லட்சம் ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தான். குடியிருப்பவர் சொந்த ஊருக்குப் போயிருப்பதால் சாவி இல்லை என்றும், வேறொரு பார்ட்டி பணத்தோடு காத்திருக்கிறார் என்றும் தரகர் நெருக்கியதால்தான் அந்தப் பணம் கைமாறியது. வியாசர்பாடி, பெரம்பூர், தண்டையார்பேட்டைப் பக்கம் வீடு தேடுவோருக்கும் இதே அனுபவம் நேரக்கூடும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

சாவி வந்தபின் அந்தப் படங்களைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். மொட்டைமாடியிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட படத்தில் மரங்கள் அடர்ந்த பசும்பரப்பு தெரிந்தது; நேரில் அந்தத் திசையில் இருப்பது மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு. கொடுங்கையூரில் குப்பைமேட்டை மறைத்து வீடு விற்க ஒருவர் துணிந்ததே வியப்புதான். காற்று திரும்பினால் நம் மூக்கே உண்மையைச் சொல்லிவிடும், ஆனால் துபாயில் இருப்பவனுக்கு அந்த வசதி இல்லை. வண்டி நிறுத்துமிடத்துச் சுவரில் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம் விட்டுச்சென்ற கறை இடுப்பளவுக்கு அப்படியே இருக்கிறது. படத்தில் அது துடைக்கப்பட்டிருந்தது. குளியலறையை ஒட்டிய சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு உப்பி உதிர்கிறது. படத்தில் அந்தச் சுவர் புதுச் சுண்ணாம்பு பூசியதுபோல் பளிச்சென்று இருந்தது.

இவை செயற்கை நுண்ணறிவுச் செயலியால் மாற்றப்பட்ட படங்கள் என்பதை, நிதானமாகப் பார்த்தால் படங்களே காட்டிக்கொடுக்கின்றன. ஒரே கூடத்தின் இரு படங்களில் ஒன்றில் மின்விசிறிக்கு மூன்று இறக்கைகள், மற்றதில் நான்கு. சன்னல் கம்பிகளின் வடிவம் படத்துக்குப் படம் மாறுகிறது. சுவிட்ச் போர்டு எந்தச் சுவரிலும் இல்லை. சமையலறைக்குப் போகும் வாசல் இருக்க வேண்டிய இடத்தில் டிவி அலமாரி நிற்கிறது. பத்தடி அகலமுள்ள கூடத்தில் பெரிய சோபாவும் ஆறுபேர் சாப்பிடும் மேசையும் தாராளமாக அடங்கியிருந்தன. அறைக்கு ஏற்ப அறைகலனைச் சுருக்கி வரைந்துவிட்டால் எந்த அறையும் பெரிதாகத்தான் தெரியும்.

தரகரிடம் கேட்டபோது, "இப்போ எல்லாரும் இப்படித்தான் சார் போடுறாங்க, பொண்ணு போட்டோவுக்கு மேக்கப் போடுறதில்லையா?" என்றார். காலியான அறையில் கட்டிலையும் திரைச்சீலையையும் வைத்துக் காட்டுவதில் எனக்கு மறுப்பில்லை, அது மாற்றப்பட்ட படம் என்று படத்தின் மேலேயே எழுதி, மாற்றாத படத்தையும் பக்கத்தில் வைத்தால் போதும். ஓதத்தையும் வெள்ளக் கறையையும் குப்பைக் கிடங்கையும் அழிப்பது அலங்காரம் ஆகாது. விலையைத் தீர்மானிக்கும் குறைகளை வாங்குபவரிடமிருந்து மறைப்பதாகும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், விற்பனை விளம்பரப் படத்தை இவ்வாறு மாற்றினால் அதை அறிவித்து, மூலப்படத்தையும் பார்க்க வழிசெய்ய வேண்டும் என்ற சட்டம் 2026 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பொய்யான விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுத்து இழப்படைந்தவருக்குக் கட்டுமான நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்றும், அவர் விலக விரும்பினால் முழுப் பணத்தையும் வட்டியுடன் திருப்ப வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் நிலம் 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ இரண்டேகால் கிரவுண்டுக்கு, மேற்படாத கட்டடங்களும், எட்டு வீடுகளுக்கு மேற்படாத கட்டடங்களும் அந்தச் சட்டத்தின் கீழ் கட்டுமானத் திட்டமாகப் பதிவு செய்வதிலிருந்து விலக்குப் பெற்றவை. வடசென்னையில் ஒரு கிரவுண்டில் ஆறு வீடு கட்டி விற்பதே வழக்கம் என்பதால், இந்த விலக்கில் நம் பகுதி வீடுகள் பெருமளவு அடங்கிவிடுகின்றன. பழைய வீட்டின் மறுவிற்பனைக்கும் அந்தப் பிரிவு நேரடியாகக் கைகொடுப்பதில்லை. எங்களுக்கு எஞ்சிய வழி, தவறான விளம்பரத்தையும் சேவைக் குறைபாட்டையும் சுட்டி 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தை அணுகுவதுதான். அதற்கு இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு.

ஆகவே, முன்பணம் கொடுக்கும் முன் வாசலில் தொடங்கி ஒவ்வோர் அறையாக, நிறுத்தாமல் எடுத்த காணொளியைக் கேளுங்கள். வீடியோ அழைப்பிலேயே காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. விளம்பரத்தையும் தரகரின் வாட்ஸ்அப் செய்திகளையும் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஏனெனில் நாங்கள் கேள்வி எழுப்பிய அன்று மாலையே எங்கள் விளம்பரம் நீக்கப்பட்டுவிட்டது. டோக்கன் ரசீதில், வீடு படத்தில் உள்ளபடி இல்லையென்றால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும் என்று எழுதி வாங்குங்கள்.

செலவுக் கணக்கு என்று சொல்லிப் பாதியைப் பிடித்துக்கொள்ள முயன்ற தரகர், வழக்கறிஞர் நோட்டீஸ் போனபின் எழுபதாயிரம் திருப்பியிருக்கிறார். மீதி முப்பதாயிரத்துக்குத் தவணை கேட்கிறார்; தராவிட்டால் அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளோடு ஆணையத்தில் புகார் பதிவாகும்.