விஸ்ஸர் எஞ்சினும் பழைய சைக்கிள் சட்டகமும்

1939-இல் அமெரிக்காவில் அறிமுகமான, சைக்கிளில் பொருத்தும் விஸ்ஸர் எஞ்சின் 138 சிசி கொள்ளளவுள்ள நான்கு ஸ்ட்ரோக் வகை என்பதால், பெட்ரோலில் ஆயில் கலக்கும் தொல்லையின்றி, தடித்த டயர் பூட்டிய பழைய சைக்கிளைச் சீராக இழுத்துச் செல்கிறது. டயரை ஓர் உருளையால் அழுத்திச் சுழற்றும் தொடக்ககால உருளை இயக்கத்தைவிடப் பின்னர் வந்த பெல்ட் இயக்கமே மேல். உருளை ஈரத்தில் வழுக்கும், டயரையும் தின்றுவிடும். ஆயினும் பெல்ட் ஓடும் பெரிய கப்பியைப் பின்சக்கரத்தின் கம்பிகளே தாங்குவதால், அவற்றைத் தடிமனானவையாக மாற்றி, கப்பியை மையம் பிசகாமல் பொருத்தாவிட்டால், எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பெல்ட் துள்ளிக்கொண்டே இருக்கும். சட்டகத்தின் இணைப்புகளில், குறிப்பாக முன்சக்கரத்தைத் தாங்கும் கவை சேரும் கழுத்தில், விரிசல் தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வாங்கலாகாது. பின்சக்கர பிரேக் மட்டும் எஞ்சின் தரும் வேகத்துக்குப் போதாது. முன்சக்கரத்தில் டிரம் பிரேக் சேர்ப்பதைக் கட்டாயம் என்றே கருதுகிறேன்.