வீடு கட்டி முடியும்வரை தகர ஷெட்டில் இருக்கலாமா?

தோட்டத்தில் வீடு கட்டப் போகும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "வேலை முடியும்வரை டவுனில் வாடகைக்கு இருக்கவா, கன்டெய்னர் கேபின் வாங்கிப் போடவா, இல்லை உங்களை மாதிரி ஷெட்டா?" அவர் கேட்ட நேரம் சரியில்லை. முந்தின ராத்திரி நல்ல மழை. மெத்தை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

எங்களுடையது உடுமலைப்பேட்டைப் பக்கம். ஹாலோ பிளாக் சுவர், இரும்புப் பைப், மேலே கலர் ஷீட். வீடு முடிந்ததும் மோட்டாருக்கும் உர மூட்டைக்கும் ஆகும் என்று போட்டது. கேபினையும் பார்க்காமல் இல்லை. 20 அடிக்கு 8 அடி. இரண்டு கட்டில் போட்டால் ஒருவர் எழுந்து வழிவிட்டால்தான் இன்னொருவர் நடக்கலாம். இறக்க ஹைட்ரா கிரேன் வர வேண்டும். வீடும் காம்பவுண்டும் எழும்பிய பிறகு அதைத் தூக்க அதே ஹைட்ரா எப்படி உள்ளே வரும்?

வெக்கை எல்லோரும் சொல்வதுதான். ஷீட்டுக்கு மேலே ஓரடி இடைவெளி விட்டுத் தென்னங்கீற்று வேய்ந்ததும் பாதி அடங்கியது. கீற்றுக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டுமானத்துக்கு வாங்கும் தற்காலிக மின் இணைப்பில் யூனிட் விலை அதிகம், வீடுகளுக்கு உள்ள இலவச யூனிட்டும் கிடையாது. ஏசி ஆசை இருந்தால் முதல் பில் வந்ததும் போய்விடும்.

என்னால் பொறுக்க முடியாதது ஸ்க்ரூதான். ஷீட்டின் மேட்டில் அடித்தால் மழைத்தண்ணீர் இரண்டு பக்கமும் இறங்கிவிடும். போட வந்தவர் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று வரிசையாகப் பள்ளத்தில் அடித்துவிட்டுப் போனார். தண்ணீர் ஓடும் வழியிலேயே ஓட்டை. சித்திரை வெயிலில் ரப்பர் வாஷர் காய்ந்து இறுகுகிறது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, இந்தப் பக்கம் காற்றாலைகளை நட வைத்த அதே காற்று, ஷீட்டை ராப்பகலாக ஆட்டி ஓட்டையைப் பெரிதாக்குகிறது. ஐப்பசி மழை வந்து கணக்கை முடிக்கிறது. சிலிகான் வைத்தோம், தார் ஷீட் ஒட்டினோம். ஒரு ஸ்க்ரூ நின்றால் பக்கத்து ஸ்க்ரூ ஆரம்பிக்கும். கட்டிலை எங்கே நகர்த்தினாலும் அதற்கு நேர் மேலே ஒன்று இருக்கிறது.

ஆனாலும் நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். ஷெட்டில் இருந்ததால்தான் எங்கள் கான்கிரீட் இறுகும்வரை தண்ணீர் குடித்தது. பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமெண்ட், வறண்ட வெயில் காலம் என்றால் 14 நாள் ஈரம் காயாமல் வைப்பது நல்லது என்பது இந்தியத் தர விதியின் பரிந்துரை. தூணில் சுற்றிய சணல் சாக்கு இங்கே அடிக்கிற காற்றில் மதியத்துக்குள் மொறுமொறு என்று ஆகிவிடும். மேஸ்திரியைக் கேட்டால் "ரெண்டு வேளையும் விட்டாச்சுங்க" என்பார். சாக்கைத் தொட்டால் தெரியும் விட்ட லட்சணம். ஆட்கள் ஐந்து மணிக்குக் கிளம்பினதும் ஓஸைப் பிடித்துக்கொண்டு நானும் வீட்டுக்காரியும் இறங்கிவிடுவோம். தளம் போட்ட பிறகு அதன்மேல் தண்ணீர் தேக்கக் கட்டிய பாத்தி ஒரு மூலையில் உடைந்து தண்ணீர் வடிந்ததை ராத்திரி டார்ச் அடித்துக் கண்டுபிடித்தது அவள்தான். டவுனில் இருந்திருந்தால் மறுநாள் காலை வெடிப்பைத்தான் பார்த்திருப்போம். கம்பியும் சிமெண்டும் காணாமல் போகவில்லை என்பது தனி.

இவ்வளவு சொன்ன பிறகு நண்பர், "அப்போ ஷெட்டே போட்டுடறேன்" என்றார். வேண்டாம் என்றேன். டவுனில் ஒரு வாடகை வீட்டைப் பிடியுங்கள், ராத்திரி தண்ணீர் விட ஒரு வாட்ச்மேனைப் போடுங்கள், நிம்மதியாகத் தூங்குங்கள். வாட்ச்மேன் எழுந்து தண்ணீர் விடுவாரா என்று கேட்டார். விட மாட்டார்தான். அதற்கு நான் என்ன செய்ய?

கேட்காமல் போடத்தான் போகிறார். போடட்டும். ஷீட் ஏறுகிற அன்று வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ள வேண்டாம். ஏணி பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு ஸ்க்ரூவும் மேட்டில்தான் இறங்குகிறதா என்று பார்க்கட்டும்.