விமானப் பயிற்சியா, பட்டப்படிப்பா? சுங்கை சிப்புட்டில் ஒரு வீட்டுக் கணக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் பசியாறப் போயிருந்தேன். மேசையில் தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்றின் வழவழப்பான கையேடு கிடந்தது. அதற்கடியில், பொதுப் பல்கலைக்கழகப் படிப்புகளைத் தங்கை மகள் தன் கையால் எழுதி வைத்திருந்த பட்டியல். அந்தப் பக்கம் ஒரு பழைய பிஸ்கட் டின். அதற்குள் வீட்டு கிராண்ட், அதாவது வீட்டுப் பத்திரம்.

தங்கை கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். பத்தொன்பது வருடம் மாதாமாதம் கட்டி, போன வருடம்தான் வங்கிக் கடன் தீர்ந்து அந்தத் தாள் கைக்கு வந்தது. "அண்ணே, இதை மறுபடியும் பேங்கில் வைத்தால் பணம் தருவார்களாமே?" என்று தங்கை கேட்டாள். பிள்ளை தலை குனிந்து தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்.பி.எம்மில் கணிதம், பௌதிகம் இரண்டிலும் ஏ எடுத்தவள். ஈப்போ விமான நிலையத்துக்கு யாரையாவது வழியனுப்பப் போனால், விமானம் மேகத்துக்குள் போய் மறையும்வரை வேலியோரம் நிற்பவள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டை வைத்துத்தான் பறக்க வேண்டும் என்றால், பட்டப்படிப்பு முதலில். அதற்காக எந்தப் பட்டமானாலும் சரி என்று நான் சொல்லவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பயிற்சிச் செலவு. மலேசியாவில் வணிக விமானி உரிமமும், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் கருவிவழிப் பறத்தல் தகுதியும் எடுத்து முடிக்க, பள்ளிக்குப் பள்ளி மாறினாலும், ஏறக்குறைய இரண்டரை லட்சம் முதல் நான்கு லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை ஆகிறது. இவ்வளவு கேட்பது வெறும் பேராசை என்று நினைத்துவிட வேண்டாம். செஸ்னா 172 போன்ற சின்ன விமானத்தின் எஞ்சினை 2,000 மணி நேரம் பறந்ததும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். 100 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை. எரிபொருளும் நம் காருக்கு ஊற்றும் பெட்ரோல் அல்ல, விலை கூடிய விமான பெட்ரோல். மாணவர் ஒவ்வொரு தடவை மேலே ஏறும்போதும் இந்தச் செலவெல்லாம் சேர்ந்தே ஏறுகிறது.

கையேட்டில் இருந்தது மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் படித்தேன். தங்குமிடம், சாப்பாடு, தேர்வுக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை எதுவும் அதில் சேரவில்லை. குறித்த மணி நேரத்துக்குள் பாடம் பிடிபடாவிட்டால் கூடுதல் பறப்புக்குத் தனிக் காசு. இதெல்லாம் முடித்து உரிமம் வாங்கினாலும் அப்படியே ஏர்பஸ் ஓட்டிவிட முடியாது. அந்த ரக விமானத்துக்கென்று தனியாக ரகத் தகுதிப் பயிற்சி உண்டு. விமான நிறுவனம் ஏற்றுக்கொள்ளாவிட்டால் அந்தச் செலவும் நம் தலையில்தான்.

கடன் கணக்கை அங்கேயே ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். மூன்று லட்சம் வெள்ளி, வட்டி ஆண்டுக்கு 6 விழுக்காடு, 15 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 2,530 வெள்ளி. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே இப்போது 1,700 வெள்ளி. தங்கை கணவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவினார்.

கடன் தரும் வழிகளிலும் நம் பிள்ளைகளுக்குப் பாதை குறுகல். மாரா என்ற அரசு அமைப்பின் கடன், மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கல்விப் பிரிவான எம்.ஐ.இ.டி. கல்விக் கடன் தருகிறது, விண்ணப்பிக்கலாம். ஆனால் முழுத் தொகையும் அங்கிருந்தே வந்துவிடும் என்று நினைத்துப் பள்ளியில் பேரைப் பதியக் கூடாது. கடைசியில் மிஞ்சுவது சேமநிதிப் பணமும் வீடும்தான்.

பட்டப்படிப்புப் பக்கம் வருவோம். ஆறாம் படிவத்தில் எஸ்.டி.பி.எம். படித்துப் பொதுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால், நான்கு வருடத்துக்கும் கல்விக் கட்டணம் பெரும்பாலும் பத்தாயிரம் வெள்ளியைச் சுற்றித்தான் நிற்கும். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் இருபத்தைந்தாயிரம், முப்பதாயிரம் எடுத்தாலும், 1 விழுக்காட்டுக் கட்டணத்தோடு 15 வருடத்தில் கட்டினால் மாதம் 200 வெள்ளிக்குள் அடங்கிவிடும். முதல் வகுப்பில் தேறினால் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம், நிபந்தனைகள் உண்டு. 2,530 எங்கே, 200 எங்கே!

தனியார் கல்லூரி என்றால் இந்தக் கணக்கு கெட்டுவிடுகிறது. எண்பதாயிரம், ஒரு லட்சம் கொட்டி, வேலைச் சந்தையில் யாரும் கேட்காத ஒரு பட்டத்தோடு ஊர் திரும்பி, பேரங்காடி கல்லாவில் நிற்கும் பிள்ளைகளை நம் ஊரிலேயே பார்க்கிறேன். அப்படி ஒரு பட்டத்துக்கும் விமானப் பள்ளிக்கும் இடையில்தான் தேர்வு என்றால், நானும் பறக்கத்தான் சொல்வேன். பிள்ளையின் பட்டியலில் மின்னியல் பொறியியலும் கணக்கியலும் இருந்தன. இரண்டுமே சோறு போடும் படிப்புகள்.

பறப்பதே முதல் என்று சொல்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. விமான நிறுவனங்களில் மூப்பு என்பது சேர்ந்த தேதியைப் பொறுத்தது. 21 வயதில் சேர்ந்தவரும் 26 வயதில் சேர்ந்தவரும் ஒரே திறமைக்காரர்களாக இருந்தாலும், முன்னால் வந்தவர் முன்னால் கேப்டன் ஆவார். பயணிகள் விமானத்தில் 65 வயது உச்ச வரம்பு. ஆக, தொடக்கத்தில் இழக்கும் ஐந்து வருடம், கடைசியில் கேப்டன் சம்பளத்தில் இழக்கும் ஐந்து வருடம். துணை விமானியின் சம்பளமே புதுப் பட்டதாரியின் சம்பளத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. இது சின்ன இழப்பு இல்லை. இதைச் சொன்னபோதுதான் பிள்ளை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

ஆனால் அந்த ஐந்து வருடக் கணக்கு, உரிமம் வாங்கிய உடனே வேலை கிடைத்தால்தான். எனக்குத் தெரிந்த பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன். அவன் படித்த பள்ளியில் விமானமும் பயிற்றுநரும் போதாமல், ஒன்றரை வருடப் பயிற்சி மூன்று வருடமாக இழுத்தது. வாடகையும் சாப்பாடும் இரண்டு மடங்கு. உரிமம் கைக்கு வந்தது 2020 பிப்ரவரியில். அடுத்த மாதமே நாடு அடைபட்டது. பெரிய நிறுவனங்களே விமானிகளை வீட்டுக்கு அனுப்பிய காலம். அவன் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தான். கருவிவழித் தகுதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், மருத்துவச் சான்றிதழையும் அப்படித்தான். இரண்டுக்கும் காசு. அப்பாவின் வீட்டுத் தவணை ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. தொற்று அடங்கிய பிறகும் இந்தத் துறை ஆட்டம் கண்டது. மைஏர்லைன் என்ற மலிவுக் கட்டண விமான நிறுவனம் 2022 டிசம்பரில் பறக்கத் தொடங்கி, 2023 அக்டோபர் 12இல் ஒரே காலையில் நின்றுபோனது. அன்று பறக்க இருந்த பயணிகள் மட்டுமா நடுவில் நின்றார்கள்?

இன்னொன்று, நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசாதது. விமானியின் பிழைப்பு முதல் தர மருத்துவச் சான்றிதழில் தொங்குகிறது. இந்த நாட்டில் நீரிழிவு அதிகம் இருப்பது இந்தியர்களிடம்தான். இன்சுலின் போடும் நிலை வந்தால் ஓட்டுநர் இருக்கையே கேள்விக்குறி. தங்கைக்கு 38 வயதில் சர்க்கரை வந்தது, எங்கள் அம்மாவுக்கும் அதே வயதில். நாற்பதில் தரையில் இறங்க நேர்ந்தால், கையில் ஒரு பொறியியல் பட்டம் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல. இதைச் சொல்ல எனக்கு வாய் கூசியது, சொல்லிவிட்டேன்.

பட்டம் முடித்து 24 வயதில் உரிமத்துக்குப் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அதற்குள் மலேசியா ஏர்லைன்ஸ், ஏர்ஏசியா போன்றவை தாங்களே ஆளெடுத்துப் பயிற்சி தரும் கேடட் திட்டம் அறிவித்தால் விண்ணப்பிக்கலாம். அவை அவ்வப்போது அறிவித்தும் வந்திருக்கின்றன. அதில் ஒப்பந்தம், சம்பளப் பிடித்தம் எல்லாம் இருந்தாலும், முடிவில் ஓர் இருக்கை காத்திருக்கிறது. வீட்டை வைத்துத் தானாகப் படிப்பவருக்கு அந்த உறுதி இல்லை. அப்புறம், வேலைக்குப் போய்ச் சேர்த்த பணமும் தன் பேரில் எடுக்கும் கடனும் அவளுடையதாக இருக்கும், அப்பாவின் கூரை அதில் சேராது.

எங்கள் தாத்தா இந்த ஊர்த் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். 1960இல் ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு கட்டியவர்களில் அவரும் ஒருவர். துண்டாடப்படும் தோட்டங்களை நாமே வாங்காவிட்டால், காலடி மண்கூட மிஞ்சாது என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தின் மூன்றாம் தலைமுறைதான் அந்த டின்னுக்குள் இருக்கும் தாள். அதனால்தான் அதன்மேல் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"அப்படியென்றால் நான் பறக்கவே முடியாதா மாமா?" என்றாள் பிள்ளை.

"முடியும். முதலில் உன் உடம்பு ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்போம்" என்றேன். அவள் கண்ணாடி போடுகிறாள். கண்ணாடி போட்டால் விமானி ஆக முடியாது என்று ஊரில் சொல்வார்கள். அப்படி இல்லை, கண்ணாடியோடு பார்வை அளவுக்கு வந்தால் போதும். நிறக்குருடும் காதும் இதயமும்தான் பார்க்க வேண்டியவை. மூன்று லட்சம் கட்டிய பிறகு இது தெரியவருவதைவிட, இப்போதே விமான மருத்துவரிடம் காசு கொடுத்துப் பார்த்துக்கொள்வது மலிவு.

ஆறாம் படிவத்துக்குப் பெயர் கொடுத்தாயிற்று. மருத்துவப் பரிசோதனைக்குப் பள்ளி விடுமுறையில் நாள் வாங்கியிருக்கிறோம். அப்படியே மலாக்கா பத்து பெரெண்டாம் பக்கம் போய், அங்குள்ள பயிற்சிப் பள்ளியையும் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். போன மூன்று அணிகளில் எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேர் இப்போது விமானத்தில் இருக்கிறார்கள், மாணவருக்கு எத்தனை விமானம், பள்ளி மூடப்பட்டால் கட்டிய பணம் என்னாகும் என்று அவளே நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறாள். கடைசிக் கேள்விக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.