மகாவலிக் கரை மணலில் அடித்த குழாய்க் கிணறு: சில ஆண்டுப் பழக்கத்தில் தெரிந்தவை

இலங்கை மலைநாட்டில் குழாயை மண்ணில் அடித்தே தண்ணீர் எடுக்கலாம் என்றால் பலர் நம்பமாட்டார்கள். அது நியாயம்தான். தேயிலைத் தோட்டப் பக்கம் தோண்டினால் களிமண், அதன் கீழ் உக்கிய பாறை, பிறகு கருங்கல். அங்கே மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர்தான் கதி. ஆனால் கம்பளைப் பக்கம் மகாவலி வளைந்து மணல் கொட்டிய தாழ்நிலங்கள் இருக்கின்றன. எங்கள் காணி அப்படிப்பட்டது.

ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. (நாகம் பூசிய இரும்பு) குழாய், அடியில் கூர்முனையும் சல்லடையும் உள்ள துண்டு. முக்காலி கட்டி, பாரத்தைக் கயிற்றில் உயர்த்திக் குழாயின் தலைமேல் விடுவதுதான் வேலை. மரை நசுங்காமல் இருக்கத் தலையில் இரும்பு மூடி வேண்டும். அடிக்கிற அதிர்ச்சியில் இணைப்புகள் தளரும். இடையிடையே முறுக்காவிட்டால் பின்னால் காற்று இழுக்கும். சல்லடை மணலில் நிற்கிறதா என்று பார்க்கக் குழாய்க்குள் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார் குழாய் அடித்த பாஸ் (மேஸ்திரி). மளமளவென்று இறங்கினால் மணல். தேங்கி நின்றால் களி.

பம்பி வாங்குமுன் உயரத்தைக் கவனியுங்கள். மேலிருந்து உறிஞ்சும் பம்பி எதுவானாலும் காற்றழுத்தத்தை நம்பியே இயங்குகிறது. உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும். தண்ணீரை உறிஞ்சி ஏற்றக்கூடிய உயரம் கடல் மட்டத்தில் கணக்குப்படி 10.3 மீட்டர், நடைமுறையில் ஏழு மீட்டர் அளவு. 1868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் அந்தக் கணக்கே எட்டு மீட்டர் சொச்சமாகக் குறைந்துவிடும். கொழும்புக் கடைக்காரர் சொல்லும் ஆழத்தை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எங்களுக்குப் பத்தடியிலேயே தண்ணீர் இருந்ததால் தப்பித்தோம்.

தண்ணீர் அளவில் குறையில்லை. குறை இரும்பில். இறைத்தபோது கண்ணாடி போல இருந்த தண்ணீர், வாளியில் ஓர் இரவு நின்றால் செம்மண் நிறத்தில் படிகிறது. அந்தத் தண்ணீரில் பிளேன்டி (பால் சேர்க்காத தேநீர்) போட்டால் மை போலக் கறுக்கும். தேயிலைச் சாயமும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. தேயிலை விளையும் நாட்டில் இதைவிட அவமானம் வேறென்ன! பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையிலும் மஞ்சள் ஏறியது. வெளுப்புத் தூள் போட்டால் கறை இன்னும் கெட்டியாகிறது. தேசிக்காய்ச் சாறுதான் கொஞ்சம் கேட்கிறது. இப்போது துளையிட்ட தட்டு வழியாகத் தண்ணீரைச் சொட்டவிட்டு, காற்றுப்பட வைத்து, மணல் நிரப்பிய பீப்பாயில் வடிக்கிறோம். மேல் மணலை அவ்வப்போது கழுவ வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் பலன் தருகிறது.

சல்லடையும் இந்த இரும்பால்தான் அடைக்கிறது. பம்பி கனக்கத் தொடங்கினால் மேலிருந்து தண்ணீரை எதிர்த்திசையில் அழுத்திவிட்டால் சில காலம் ஓடும். வறண்ட பெப்ரவரி, மார்ச்சில் மட்டம் இறங்குகிறது. அயலில் ஆற்று மணல் அள்ளினால் ஆற்றுப் படுகை தாழும். அதனோடு கரையோர நிலத்தடி நீரும் தாழும். இதைக் கேட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை.

குடிப்பதற்கு இன்னும் நகரக் குழாய்த் தண்ணீர்தான். மேட்டில் மலக்குழிகள் இருக்க, இருபதடி மணலை நம்பிக் கொதிக்க வைக்காமல் குடிக்க என்னால் முடியாது. குழாயைச் சுற்றிச் சீமெந்துத் தளம் போட்டிருக்கிறோம். ஆனாலும் ஆறு பெருகி முற்றத்துக்கு வந்தால், வடிந்த பிறகு குளோரின் கரைத்து உள்ளே ஊற்றி, ஓர் இரவு விட்டு, வாடை போகும்வரை இறைத்துக் கொட்டிய பிறகே பாத்திரம் கழுவக்கூட எடுக்கிறோம்.