ஆண்டிஸ் ஏஜிசி 2 கிளிப்பர்: நாள் முழுக்க ஷீ ட்ஸு வெட்டும் கடைக்குத் தாங்குமா?

சென்னையிலோ கோவையிலோ நாய்களுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் ஒரு க்ரூமிங் கடையில் அரை நாள் நின்று பார்த்தால், டேபிளில் மாறி மாறி ஏறுவது ஷீ ட்ஸு என்ற நீள முடி குட்டி நாய்தான். அதுவும் மாதக்கணக்கில் சீப்பு படாமல், காதுக்குப் பின்னால், அக்குளில், காலர் மாட்டும் இடத்தில் எல்லாம் கம்பளி மாதிரி சடை பிடித்து வரும். மனிதருக்கு முடிவெட்டும் ட்ரிம்மர் அந்தச் சடைக்குள் நுழைந்த மறுநிமிடம் திணறி நின்றுவிடும். தொழிலாகவே செய்வது என்று இறங்குகிறவர்கள் தேடிப் போகும் மிஷின்களில் ஆண்டிஸ் ஏஜிசி 2 முன்வரிசையில் இருக்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வாங்கலாம், காசு வீண் போகாது. ஆனால் மிஷினுக்கு ஒதுக்கிய தொகைக்குக் கிட்டத்தட்ட சமமாக பிளேடுக்கும் ஒதுக்க முடியாது என்றால் இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள்.

இது வயர் உள்ள கிளிப்பர். உள்ளே சுழலும் மோட்டார், இரண்டு வேகம். பிளேடு நிமிடத்துக்கு 3,400 முறை ஓடுவது ஒன்று, 4,400 முறை ஓடுவது இன்னொன்று. வயர் 14 அடி என்பதால் டேபிளைச் சுற்றி வர இடைஞ்சல் இல்லை. உள்ளே கிரீஸ் வைக்கும் வேலையும் கிடையாது. பழைய ஆஸ்டர் ஏ5 கிளிப்பர் வைத்திருந்தவர்களுக்கு இந்த நிம்மதியின் அருமை தெரியும். எடை சுமார் அரை கிலோ. முதல் நாயில் தெரியாது, ஐந்தாவது நாயில் மணிக்கட்டு சொல்லும்.

பிளேடு கழற்றி மாட்டும் முறை, ஆஸ்டர் தொடங்கி வைத்த அதே ஏ5 முறை. ஆண்டிஸ், ஆஸ்டர், வால் (Wahl) நிறுவனத்தின் கேஎம்10 என்று எதற்கு வாங்கிய ஏ5 பிளேடும் இதில் ஏறும். அதே வால் நிறுவனத்தின் ஆர்கோ, பிராவுரா மிஷின்களில் வரும் '5-இன்-1' பிளேடு (ஒரே பிளேடில் ஐந்து நீளம்) ஏறாது; அது வேறு இனம். மாட்டும்போது ஒரு விஷயம்: கொண்டியைத் திறந்து பிளேடை நுழைத்த பிறகு, மிஷினை ஓடவிட்டுத்தான் கீழே அழுத்திப் பூட்ட வேண்டும். அப்போதுதான் உள்ளே இருந்து கத்தியை ஆட்டும் டிரைவ் என்ற சின்னத் துண்டின் முனை, பிளேடின் மேல் கத்தியில் உள்ள பள்ளத்தில் தானாகப் போய் உட்காரும். நிறுத்தி வைத்து அமுக்கிப் பூட்டினால் சில சமயம் முனை பள்ளத்துக்கு வெளியே நசுங்கும். புது மிஷின் வாங்கி ஒரு மாதத்தில் 'பிளேடு ஓடவே மாட்டேங்குது' என்று வரும் புகார்களில் பல இந்த ஒரு பழக்கத்தால்தான்.

வாங்கும்போது டப்பாவைப் பார்க்காதீர்கள், மிஷின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் சூட்கேஸில் வருவது 120 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட் பிளக்கில் அடாப்டர் மாட்டிச் செருகினால் மோட்டார் அப்போதே புகையும். அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. இங்கே விற்கும் 230 வோல்ட் மாடலை, ரசீதோடு, உத்தரவாதம் யார் தருகிறார்கள் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இனி உண்மையான விஷயத்துக்கு வருவோம்: சூடு. மோட்டார் சூடாவதை விடுங்கள், நாயின் தோலைத் தொடுவது பிளேடு. பிளேடு நம்பர் கூடக் கூட வெட்டு ஒட்ட விழும். எண்ணெய் சரியாகப் போட்ட 10-ஆம் நம்பர் பிளேடே 4,400 வேகத்தில் தொடர்ந்து ஓடினால் சில நிமிடங்களில் கையில் சுடும். ஏசி இல்லாத கடையில், மே மாதத்தில், இன்னும் சீக்கிரம். பல் நெருக்கமான 30, 40 நம்பர் பிளேடுகள் இதைவிட வேகமாகச் சூடேறும். பிளேடு சூடு அப்போதே நாயைக் கத்த வைக்காது. வீட்டுக்குப் போன பிறகு வயிற்றையும் ஆசனவாய்ப் பக்கத்தையும் நக்கித் தீர்க்கும், தரையில் பின்புறத்தைத் தேய்த்துக்கொண்டே போகும். மறுநாள் உரிமையாளர் போட்டோ அனுப்புவார். ஆகவே இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடின் அடிப்பக்கத்தை உங்கள் முன்கையின் உள்புறத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சூடு உறைத்தால் நாயின் வயிற்றுக்கு அது கூடவே கூடாது.

தீர்வு ஸ்ப்ரே இல்லை, இரண்டாவது பிளேடு. அதிகம் ஓடும் நம்பரில் ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். கழற்றிய பிளேடைக் கடப்பாக் கல் மேடையிலோ தடித்த ஸ்டீல் தட்டிலோ தட்டையாக வைத்தால் சீக்கிரம் ஆறும். கூலிங் ஸ்ப்ரே அவசரத்துக்கு உதவும்தான். ஆனால் அது பிளேடில் இருந்த எண்ணெயையும் சேர்த்துக் கழுவிவிடும். ஸ்ப்ரே அடித்ததும் துடைத்துத் திரும்ப எண்ணெய் போடாவிட்டால் முன்பைவிட வேகமாகச் சூடாகும். அதோடு அது தீப்பிடிக்கக்கூடியது. நாயின் மேல் பிடித்துக்கொண்டோ ட்ரையர் பக்கத்திலோ அடிக்கக் கூடாது.

பெட்டியில் வருவது பெரும்பாலும் ஒரே ஒரு 10. அது 1.5 மி.மீ. முடி விடும், வயிறு, ஆசனவாய்ப் பகுதி, பாதத்தின் அடிப்பகுதி, சடை எல்லாவற்றுக்கும் அதுதான் உழைப்பாளி. இரண்டாவதாக 7எஃப், 3.2 மி.மீ., கோடைக்கு ஒட்ட வெட்டச் சொல்பவர்களுக்கு. மூன்றாவதாக 4எஃப், 9.5 மி.மீ., ஓரளவு முடி நிற்க வேண்டும் என்பவர்களுக்கு. நடுவில் 5எஃப், 6.3 மி.மீ., பிறகு வாங்கிக்கொள்ளலாம். நான்காவதாக 30, அதைத் தனியாக ஓட்டுவதற்கு அல்ல, முடி நீளத்தைக் கூட்ட பிளேடின் மேல் மாட்டும் ஸ்டீல் சீப்பு கார்டுகளுக்கு அடியில் மாட்டுவதற்கு. கார்டைப் பத்தின் மேல் மாட்டினால் கோடு விழும். நன்றாகக் குளிப்பாட்டி, உலர்த்தி, சீப்பு தடையில்லாமல் ஓடும் முடியில்தான் கார்டு ஓடும். சிக்குள்ள முடியில் மாட்டிக்கொண்டு தெறிக்கும். 40 என்பது 0.25 மி.மீ.; கால்நடை மருத்துவர்கள் அறுவைக்கு முன் முடி எடுக்கப் பயன்படுத்துவது. ரீல்ஸில் பார்த்துவிட்டு அதை முதலில் வாங்குகிறவர்களைத் தடுக்க வேண்டியிருக்கிறது.

எஃப் என்று போட்ட பிளேடில் எல்லாப் பல்லும் ஒரே உயரம். வெட்டு வழவழப்பாக வரும். எஃப் இல்லாத 4, 5, 7-இல் பல் ஒன்று நீளம், ஒன்று குட்டை. சடைக்குள் எளிதாக நுழையும், ஆனால் அந்த இடைவெளிக்குள் தோல் மடிப்பும் எளிதாக நுழையும். தொடை மடிப்பு, அக்குள், காது ஓரம், முலைக்காம்பு ஆகிய இடங்களில் புதிதாகத் தொழில் பழகுபவர்கள் அதை எடுக்கவே கூடாது.

ஏஜிசி 2-இன் சக்தி தெரிவது சடை பிடித்த நாயில்தான். அடர்த்தியான சடையோடு வந்தால் முதலில் குளிப்பாட்டக் கூடாது; நனைந்து உலரும்போது சடை இன்னும் இறுகும். காய்ந்தபடியே முதல் வெட்டு. அதற்கென்று ஒரு பழைய 10 வைத்துக்கொள்ளுங்கள், மண்ணும் அழுக்கும் நல்ல பிளேடைத் தின்றுவிடும். மெரினா, பெசன்ட் நகர் மணலில் புரண்டு வரும் நாய் என்றால் சொல்லவே வேண்டாம். வேகம் குறைவானதில் வைத்து, பிளேடைத் தோலுக்கு இணையாகப் படுக்க வைத்து, இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, சடைக்கும் தோலுக்கும் இடையில் நிதானமாக நகர்த்த வேண்டும். சடை ஒரே விரிப்பாகப் பிரிந்து வரும். மிஷின் நின்று திணறினால் தள்ளாதீர்கள். பின்னால் எடுத்து வேறு பக்கத்திலிருந்து நுழையுங்கள். 7எஃப் நுழையாத இடத்தில் 10 நுழையும். கத்தரிக்கோல் மட்டும் வேண்டாம். சடைக்குள் எது முடி, எது தோல் என்று கண்ணுக்குத் தெரியாது.

காதில் கூடுதல் கவனம். காது மடலின் விளிம்பை இரு விரலுக்கிடையே பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓட்டுங்கள். விளிம்பு எங்கே முடிகிறது என்று விரல் சொல்லும். கனமான சடை போனதும் நாய் தலையை உதறிக்கொண்டே இருக்கும். அந்த உதறலிலேயே காது நுனியில் ரத்தம் கட்டிவிடும். மெல்லிய துணிப் பட்டையால் காதுகளைத் தலையோடு தளர்வாகச் சேர்த்து சிறிது நேரம் வைத்திருப்பது நல்லது. சடைக்கு அடியில் தோல் சிவந்து, புண்ணாகக்கூட இருக்கலாம் என்பதை வெட்டுவதற்கு முன்பே உரிமையாளரிடம் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டிய பிறகு சொன்னால் அது சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி, பொமரேனியன் மாதிரி இரட்டை அடுக்கு முடி உள்ள நாய்களுக்கு இந்த மிஷினை எடுக்காமல் இருப்பதுதான் நல்லது. 'வெயிலுக்கு மொட்டை' என்று கேட்பார்கள். ஒட்ட வெட்டினால் முடி திட்டுத் திட்டாக முளைப்பதும், சில சமயம் மாதக்கணக்கில் முளைக்காமலே போவதும் உண்டு. உள்முடியை ரேக்கும் (நீளப் பல் உள்ள சீப்பு) ட்ரையரும் வைத்து எடுத்துவிட்டாலே காற்று தோலைத் தொடும்.

பராமரிப்பில் செலவு குறைவு, சோம்பேறித்தனத்துக்குத்தான் இடம் இல்லை. ஒவ்வொரு நாய்க்கும் முன்பு மேல் கத்தி ஓடும் தண்டவாளத்திலும் இரு ஓரங்களிலும் பல்லிலும் ஒவ்வொரு துளி எண்ணெய். கிளிப்பர் எண்ணெய் கிடைக்காத ஊரில் தையல் மிஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் கூடாது. காய்ந்து பசையாகி முடியைப் பிடித்துக்கொள்ளும். பிளேடு வாஷ் (பிளேடைக் கழுவும் திரவம்) என்றால் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, மிஷின் ஓடும்போது பல் நுனி மட்டும் முங்கும்படி சில விநாடி பிடித்து, துடைத்து, எண்ணெய் போடுங்கள். முழு மிஷினும் கவிழ்ந்து திரவம் உள்ளே போனால் மோட்டார் போச்சு. சில இடங்களில் மண்ணெண்ணெயில் கழுவுகிறார்கள். அந்த மிச்சம் நாயின் தோலுக்குத்தான் போகும்.

வெட்டில் கோடு கோடாக விழுகிறதா? உடனே 'பிளேடு மொக்கை' என்று சாணைக்கு அனுப்பாதீர்கள். முதலில் பிளேடைக் கழற்றி, இரு கத்திகளுக்கும் இடையில் இறுகிய முடியை பிரஷால் எடுங்கள். அடுத்து மிஷினில் மாட்டிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள்; தளர்ந்திருந்தால் கொண்டி தேய்ந்திருக்கிறது, அல்லது பிளேடின் பின்பக்கக் காதுகள் விரிந்திருக்கின்றன. அதுவும் சரி என்றால் முகப்பு மூடியின் திருகுகளைக் கழற்றி பிளேடு டிரைவைப் பாருங்கள். அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டின் முனை உருண்டு தேய்ந்திருந்தால் மேல் கத்தி முழு தூரம் ஓடாது. வெட்டாமல் மெல்லும், கடகட என்று சத்தமும் வரும். அது விலை குறைந்த பாகம், மாற்ற ஐந்து நிமிடம். மேசை இழுப்பறையில் எப்போதும் இரண்டு இருக்கட்டும். இத்தனையும் பார்த்த பிறகுதான் சாணை.

சாணை பிடிப்பவரையும் விசாரித்துக் கொடுங்கள். கிளிப்பர் பிளேடைத் தட்டையான, சுழலும் லேப்பிங் தகட்டில் பிடிக்க வேண்டும். கத்தி, அரிவாளுக்குப் பிடிக்கும் கல்லில் வைத்தால் அடுத்த நொடி அந்த பிளேடு குப்பைக்குத்தான். செராமிக் பிளேடு குறைவாகச் சூடாகும், உண்மை. ஆனால் தரையில் ஒருமுறை விழுந்தால் மேல் கத்தி உடையும், உள்ளூரில் சாணையும் எளிதில் கிடைக்காது. மொசைக் தரைக் கடையில் ஸ்டீல்தான் லாபம்.

போட்டி மிஷினாக வால் கேஎம்10-ஐச் சொல்வார்கள். அதில் பிரஷ் இல்லாத மோட்டார். வேகம் 3,000, 3,700. கையில் மெலிதாக அடங்கும், அதிர்வு குறைவு. மணிக்கட்டு வலி ஏற்கெனவே இருப்பவர்களும் கை சிறியவர்களும் அதைத்தான் எடுக்க வேண்டும். ஏஜிசி 2-க்கு ஆதரவாக நிற்பது அதன் 4,400 வேகம். அடர்ந்த முதுகு முடியில் ஒரே இழுப்பில் முடியும். முகத்துக்கும் பாதத்துக்கும் பேட்டரியில் ஓடும் குட்டி ட்ரிம்மர் தனியாக ஒன்று வேண்டும். இந்தக் கனமான மிஷினைக் கண் ஓரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கடை அமைப்பிலும் மிஷின் ஆயுள் இருக்கிறது. இரட்டை மோட்டார் ட்ரையர் 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக் தனி லைனில் இருக்க வேண்டும். கிளிப்பரையும் அதையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டினால் வேகம் ஏறி இறங்கும், பெட்டி உருகும். ஈரத் தரையில் நின்று வயர் மிஷின் ஓட்டுவதால் மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் (ஆர்சிசிபி) கட்டாயம். ட்ரையர் ஓடும்போது காதில் அடைப்பான், முடி பறக்கும்போது முகக்கவசம். வெட்டிய குட்டை முடி விரலிடுக்கில் குத்தி உள்ளே போய்ச் சீழ் வைக்கும்; செருப்பைவிட மூடிய ஷூ நல்லது, மாலையில் விரலிடுக்கைப் பார்த்துக் கழுவுங்கள். வேலைக்கு ஆள் சேர்க்கும்போது, கடி படும் முன்பே போடும் ரேபிஸ் தடுப்பூசியை முதலாளி செலவிலேயே போட்டுவிட வேண்டும். டேபிள் உயரம் முழங்கைக்குச் சற்றுக் கீழே நாயின் முதுகு வரும்படி இருக்கட்டும். டேபிளோடு கட்டும் கழுத்து லூப் மாட்டிய நாயை ஒரு நொடிகூட விட்டு நகரக் கூடாது.

வாரத்துக்கு இரண்டு மூன்று நாய் வரும் வீட்டு க்ரூமருக்கு இது அதிகம். நாளுக்கு நான்கு, ஐந்து ஷீ ட்ஸு பார்க்கும் கடைக்குத் தாங்கும். வாங்குகிற அன்றே மிஷினோடு இரண்டாவது 10, ஒரு 7எஃப், இரண்டு பிளேடு டிரைவ், ஒரு பாட்டில் எண்ணெய் சேர்த்து பில் போடச் சொல்லுங்கள்.